முளைக்காத கண்கள்

30 சென்டிமீட்டர் குறுக்களவு, 12 சென்டிமீட்டர் கனம். பார்வைக்கு இட்லிப் பானை மூடியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். தூக்கினால் பத்து கிலோ. விரலை மடக்கித் தட்டினால் பலகையைத் தட்டிய சத்தம் வரவில்லை. அம்மிக்கல்லைத் தட்டியதுபோல மொத்தையாக ஓர் ஒலி. பட்டையின் மடிப்புகளுக்குள் செம்மண்ணும் பொடிக்கற்களும் இறுகிக் கிடந்தன. தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில் ஒரு கோதுமை வயல். அதன் வேலியோரத்தில், அந்த மழைக்காலத்தில்தான் பிடுங்கிப் போட்ட மரங்களின் குவியல். அதிலிருந்து அறுத்து எடுத்துக்கொண்ட மாலீ மரத்தின் அடிமுண்டு அது. அதிலிருந்து ஒரு கிண்ணம் கடைந்தெடுக்க எனக்கு ஒன்றரை ஆண்டு ஆனது. லேத்தின் முன்னால் நின்ற நேரத்தைக் கூட்டினால் இரண்டு நாள் தேறும். மீதி நாளெல்லாம் கட்டை தன் ஈரத்தை விடுவதற்காகக் காத்திருந்தது.

முண்டு என்று நான் சொல்வது, ‘முண்டும் முடிச்சுமாக’ என்று நாம் பேசும்போது வருகிற அதே முண்டுதான். மரத்தின் உடம்பில் கழலைபோலப் புடைத்து நிற்கும் பகுதி. உலகம் முழுக்கக் கடைசல்காரர்கள் இதற்காக அலைகிறார்கள், நல்ல விலையும் கொடுக்கிறார்கள். நேரான கட்டையில் கிடைக்காத ஒரு கோலம் இதற்குள் இருக்கிறது. சுழிகள், அலைகள், நூற்றுக்கணக்கான சிறு கண்கள். அந்தக் கோலம் எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இதைக் கடைவதன் கஷ்டமும் வருகிறது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் மரத்தைப் பார்ப்போம். தைலமரம் என்றதும் நமக்கு நீலகிரிச் சரிவுகளும், உரித்த கட்டைகளை ஏற்றிக்கொண்டு காகித ஆலைக்குப் போகும் லாரிகளும் நினைவுக்கு வரும். மாலீயும் ஒரு யூகலிப்டஸ்தான், ஆனால் வறண்ட நாட்டுப் பிள்ளை. மாலீ என்பது ஒரே ஒரு இனத்தின் பெயரும் அல்ல. ஒற்றை அடிமரமாக நெட்டையாக வளராமல், தரையோடு தரையாக இருக்கும் ஒரு முண்டிலிருந்து பல தண்டுகளாக விரிந்து எழும் யூகலிப்டஸ் வகைகள் எல்லாவற்றுக்கும் அது பொதுப் பெயர். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழியிலிருந்து வந்த சொல். பெரும்பாலும் 10 மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். விக்டோரியாவின் வடமேற்கிலும், தெற்கு ஆஸ்திரேலியாவிலும், நியூ சவுத் வேல்ஸின் தென்மேற்கிலும், மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்பகுதியிலும் மழை குறைந்த மணல் நிலங்களில் இவை புதர்க்காடாகப் படர்ந்திருக்கின்றன.

முண்டு உருவாகும் கதை விதை முளைத்த சில மாதங்களிலேயே தொடங்கிவிடுகிறது. நாற்றின் முதல் இரண்டு வித்திலைகளின் கக்கத்திலும், அடுத்து வரும் சில ஜோடி இலைகளின் கக்கத்திலும் மிளகளவு வீக்கம் தோன்றும். அது நோயும் அல்ல, காயமும் அல்ல, பிறவிக் குணம். நாள்பட நாள்பட அந்த வீக்கங்கள் பெருத்து, ஒன்றோடொன்று ஒட்டி, தண்டைச் சுற்றி வளைத்து, பாதி மண்ணுக்குள் புதைந்து ஒரே திரளாகிவிடும். உள்ளே மாவுச்சத்தும், விழிக்கக் காத்திருக்கும் மொட்டுகளும் நிறைந்திருக்கும். மேலே தளிர் நுனிகளில் சுரக்கும் ஆக்சின் என்ற இயக்குநீர் கீழே இறங்கி வந்து இந்த மொட்டுகளை அடக்கி வைத்திருக்கும். காட்டுத்தீ வந்து மேலே உள்ள தண்டுகளைக் கருக்கிவிட்டால், அடக்கி வைப்பவர் இல்லாமல் போகிறார். முண்டைச் சுற்றி வளையமாகச் செந்தளிர்கள் கிளம்பும். மண்ணின் போர்வையும் கனமான பட்டையும் முண்டைத் தீயிலிருந்து காத்துவிடுகின்றன. இலையே இல்லாத மரத்துக்குப் புது இலை விடும் வரை சோறு போடுவது அந்த மாவுச்சத்து.

இப்படித் தீக்குத் தீ தலையைக் கொடுத்து அடியைக் காப்பாற்றிக்கொள்ளும் மரத்துக்கு வயது சொல்வது எளிதல்ல. மேலே நிற்கும் தண்டுக்கு முப்பது வயது இருக்கலாம், கீழே உள்ள முண்டுக்குப் பல நூறு. மேற்கு ஆஸ்திரேலியாவில் மீலப் என்ற இடத்தில், யூகலிப்டஸ் பைலாசிஸ் என்ற இனத்தின் ஒற்றைக் கூட்டம் இருக்கிறது. பார்வைக்குத் தனித்தனி மரங்கள். எல்லாம் ஒரே உயிரின் கிளைப்புகள். அதன் வயதை 6,000 ஆண்டுகளுக்கு மேல் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

முண்டுகள் எல்லாமே இப்படிப் பிறவியில் வந்தவை அல்ல. அடிமரத்திலும் கிளையிலும் புடைப்பவை பெரும்பாலும் காயம், பூச்சி, பூஞ்சை போன்ற தொந்தரவுகளுக்கு மரம் காட்டும் எதிர்வினை. ஆனாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: ஓர் இடத்தில் மொட்டுகள் கூட்டம் கூட்டமாகப் பிறந்து, தளிராகாமலே மரத்துக்குள் புதைந்துபோகின்றன. மரம் ஆண்டுதோறும் ஒரு படலம் சேர்த்துக்கொண்டே போக, மொட்டும் மேற்பரப்போடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்துகொண்டே இருக்கும். அது வந்த பாதை மரத்துக்குள் மெல்லிய ஊசிபோல் பதிந்துவிடும். அந்த ஊசியைக் குறுக்கே வெட்டினால் தெரிவது கண். நெடுக்கே வெட்டினால் ஒரு கீற்று. உருளைக்கிழங்கில் முளை வரும் இடத்தை நாம் கண் என்றுதானே சொல்கிறோம்? முண்டின் கண்ணும் அதே கண்தான், முளைக்காத கண்.

இந்தக் கண்களுக்காக மனிதர்கள் செலவழித்த தொகை கொஞ்சமல்ல. ரோமாபுரியின் பணக்காரர்கள் வட ஆப்பிரிக்காவின் அட்லஸ் மலைப்பகுதியிலிருந்து ஒரு மரத்தின் வேர்முண்டை வரவழைத்து மேசைப் பலகை செய்துகொண்டார்கள். சொற்பொழிவாளர் சிசரோ அப்படி ஒரு மேசைக்கு 5 லட்சம் செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மொராக்கோவின் துயா என்ற அந்த மரமும் வெட்டினாலும் எரித்தாலும் அடிமுண்டிலிருந்து துளிர்க்கக் கூடியது. ஊசியிலை மரங்களில் அது அரிய குணம். கலிபோர்னியாவின் ரெட்வுட் என்னும் செம்மரங்களும் அப்படித் துளிர்ப்பவைதான். அங்கே தேசியப் பூங்காவுக்குள் இரவில் புகுந்து, உயிரோடு நிற்கும் பழம்பெரும் மரங்களின் முண்டுகளை ரம்பத்தால் அறுத்துத் திருடினார்கள். அதைத் தடுக்க 2014இல் காட்டு வழியே போகும் ஒரு சாலையை இரவு நேரத்தில் மூட வேண்டியதாயிற்று. நிற்கிற மரத்தின் முண்டை வெட்டுவது அதன் மறுபிறப்பை வெட்டுவதுதான். அப்படி வந்த கட்டையை நான் தொட மாட்டேன்.

மாலீ முண்டின் கதை வேறு. அது வேண்டாத பொருளாகத்தான் வெளியே வந்தது. 19ஆம் நூற்றாண்டில் குடியேறிகள் தெற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விதைக்க நிலம் திருத்தினார்கள். புதரை உருளையால் நசுக்கி எரித்தார்கள். எரித்த நிலத்தில் முண்டுகள் மறுபடி துளிர்த்தன. ஏர் ஓட்டினால் கொழு முண்டில் மோதி முறிந்தது. 1876இல் ரிச்சர்ட் போயர் ஸ்மித் என்பவர் அதே யார்க் தீபகற்பத்தில் ஒரு புது ஏரைச் செய்தார். ஒவ்வொரு கொழுவும் தனித்தனிக் கீலில் ஆடும். முண்டு குறுக்கிட்டால் கொழு மேலே எழும்பித் தாண்டும், தாண்டியதும் பாரத்தால் திரும்ப மண்ணில் இறங்கும். மரத்தை வெல்ல முடியாத இடத்தில் அதைத் தாண்டிப் போகக் கற்றுக்கொண்ட கருவி அது. ஒவ்வொரு உழவிலும் மேலே வந்த முண்டுகளைப் பொறுக்கி ரயிலேற்றி மெல்போர்னுக்கு விறகாக அனுப்பினார்கள். நிதானமாக, நெடுநேரம், அனல் குறையாமல் எரியும் என்று பல தலைமுறைகளுக்கு அதற்குப் பெயர். அதற்கும் வெகு காலம் முன்பே அந்த நிலத்தின் பூர்வகுடிகள் மாலீயின் பக்கவேர்களைத் தோண்டி, துண்டாக்கி, செங்குத்தாக நிறுத்தி வைத்து, சொட்டும் நீரைப் பிடித்துக் குடித்திருக்கிறார்கள். மரத்தை நன்கு அறிந்தவர்கள் அவர்கள்.

சரி, இந்தக் கட்டை எவ்வளவு கடினம்? மரத்தின் கடினத்தை அளக்க ஆஸ்திரியாவைச் சேர்ந்த கேப்ரியல் யாங்கா 1906இல் ஒரு வழி கண்டார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தில் அதன் பாதி ஆழம் வரை அழுத்த வேண்டும். அதற்கு எவ்வளவு விசை தேவையோ அதுவே கணக்கு. ஏன் அந்த விசித்திரமான 11.28? பாதி புதைந்த குண்டின் வட்டம் மிகச் சரியாக ஒரு சதுர சென்டிமீட்டர் வரும். தேக்குக்குச் சுமார் 500 கிலோ எடையின் அழுத்தம் போதும். ஆஸ்திரேலியாவின் ஜாரா மரத்துக்கு 850க்கு மேல். இரும்புப்பட்டை என்றே பெயர் வாங்கிய யூகலிப்டஸ் வகைகளில் 1,400ஐத் தாண்டுபவை உண்டு.

எந்த மரமானாலும் அதன் செல் சுவர் ஏறக்குறைய ஒரே பொருள்தான், ஒரே அடர்த்திதான்: கன சென்டிமீட்டருக்கு 1.5 கிராம். பஞ்சுபோன்ற பால்சாவுக்கும் அதே சுவர், அம்மிபோன்ற மாலீக்கும் அதே சுவர். சுவருக்குள் இருக்கும் வெற்றிடம் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு. காய்ந்த தேக்கில் பாதிக்கு மேல் வெற்றிடம். பால்சாவில் பத்தில் ஒன்பது பங்கு. அடர்த்தி 1 வரை போகும் மரங்களில் மூன்றில் ஒரு பங்குதான் காலி. வைரம் பாய்ந்த கட்டை என்கிறோமே, அது சுவர் மிகுந்து வெளி குறைந்த கட்டை. கூடவே அந்த வெளியிலும் மரம் பிசின்களையும் துவர்ப்புப் பொருள்களையும் நிரப்பி வைத்திருக்கும்.

கடினத்தை மட்டும் பார்த்தால் அது பெரிய சங்கடமே இல்லை. கருங்காலியும் கடினம்தான், ஆனால் கூரான உளிக்கு அது வெண்ணெய்போல் வழிவிடும். முண்டின் சங்கடம் வேறு: அதற்குத் திசை கிடையாது.

விறகு பிளந்தவர்களுக்கு இது விளக்காமலே புரியும். நேரான கட்டையை நெடுக்குவாட்டில் கோடரி போட்டால் ஒரே அடியில் வாய் திறக்கும். முண்டுக்கட்டையில் போட்டால் கோடரி மாட்டிக்கொள்ளும், பிடுங்குவதே பெரும்பாடு. மரம் என்பது நார்களின் கட்டு. யூகலிப்டஸ் நார் ஒன்றின் நீளம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்; தடிமன் நம் தலைமுடியில் கால்பங்குதான். கோடிக்கணக்கான நார்கள் ஒரே திசையில் படுத்திருப்பதால்தான் மரத்துக்கு நெடுக்கு, குறுக்கு என்ற பேச்சே வருகிறது. தச்சர் இழைப்புளியை ஓட்டுமுன் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பூனையின் முதுகைத் தடவுவது மாதிரிதான். ரோமம் படுத்திருக்கும் பக்கமாகத் தடவினால் வழுவழுப்பு, எதிர்த்துத் தடவினால் சிலிர்க்கும். மரத்தில் எதிர்த்து இழைத்தால் நார் நுனிகள் தூக்கிக்கொண்டு, வெட்டுப்படாமல் பிய்ந்து வரும். பிசிறு என்பது அதுதான்.

முண்டுக்குள் ஒவ்வொரு மொட்டையும் சுற்றி நார்கள் வளைந்து போகின்றன, ஆற்றுநீர் பாறைகளைச் சுற்றிச் சுழித்துப் போவதுபோல. ஒரு சுழி முடியுமுன் அடுத்தது. கட்டைவிரல் அகலத்துக்குள் நார் நாலு பக்கமும் திரும்பிவிடுகிறது. ஆகவே எந்தப் பக்கமிருந்து உளியைக் கொண்டுபோனாலும் எங்காவது ஓர் இடத்தில் அது எதிர்த்துத்தான் வெட்டிக்கொண்டிருக்கும். சாதாரணக் கிண்ணத்துக்கு ஒரு பொது விதி உண்டு: வெளிப்புறத்தை அடியிலிருந்து விளிம்பை நோக்கியும், உட்புறத்தை விளிம்பிலிருந்து நடுவை நோக்கியும் கடைய வேண்டும், அப்போது ஒவ்வொரு நாரையும் அதன் கீழே உள்ள நார் தாங்கிப்பிடிக்கும். முண்டில் அந்த விதிக்குப் பாதி பலன்தான். வட ஐரோப்பாவின் சாமி மக்கள் தங்கள் குடிகோப்பையான குக்சாவை பிர்ச் மரத்தின் முண்டில் குடைவதற்கும் இதே குணம்தான் காரணம். பிளவு ஓடுவதற்கு நேரான பாதை இல்லாத மரம் எளிதில் வெடிக்காது. உளிக்குத் தொல்லை கொடுப்பது எதுவோ அதுவே கோப்பைக்கு ஆயுள்.

இனி லேத்து. கடைசல் என்ற நம் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன். தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தைக் கடைகிறோம். இரண்டு கட்டைகளை உரசி நெருப்பு உண்டாக்கும் கருவிக்கும் தீக்கடைகோல் என்று பெயர். மத்தில் கயிற்றைச் சுற்றி இரு கையாலும் மாற்றி மாற்றி இழுப்பதைப்போலவே, பழைய கடைசல் பட்டறையிலும் ஒருவர் வாரைப் பிடித்து முன்னும் பின்னும் இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். ஒரே வினைச்சொல்லுக்குள் மோரும் தீயும் மரமும் இருப்பது எனக்கு இந்த வேலையில் கிடைத்த சந்தோஷங்களில் ஒன்று. மோட்டார் வந்தபின் சுழற்சி ஒரே பக்கமாகிவிட்டது, வேகம் பல மடங்காகிவிட்டது. அந்த வேகத்தை மதிக்கத் தெரியாதவர் முண்டுக்கட்டையை லேத்தில் ஏற்றக் கூடாது.

ஒரு கணக்கு. அறுத்த கட்டை முழு வட்டமாக இருக்காது. ஒரு பக்கம் கனத்திருக்கும். நடுவிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி 100 கிராம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 500 சுற்றில் அந்த 100 கிராம் அச்சை வெளிப்பக்கம் இழுக்கும் விசை சுமார் 4 கிலோ எடைக்குச் சமம். வேகத்தை இரட்டித்து 1,000 ஆக்கினால் அது 8 ஆகாது, ஏறக்குறைய 17 ஆகும். வேகத்தின் வர்க்கத்துக்கு விசை உயர்கிறது. அந்த இழுப்பு ஒரு சுற்றுக்கு ஒருமுறை திசை மாறி லேத்தையே உலுக்கும். முண்டுக்குள் பட்டை மடிந்து புதைந்த இடங்களும், பிசின் கோடுகளும், மண் அடைத்த பொந்துகளும் இருக்கும், வெளியே தெரியாது. அந்த இடத்தில் ஒட்டுதல் என்பதே கிடையாது. எனக்கு ஒருமுறை, இரண்டாவது வெட்டிலேயே, கைப்பிடியளவு துண்டு ஒன்று கழன்று கொட்டகைக் கூரைத் தகரத்தில் அறைந்தது. முகக்கவசம் போட்டிருந்தேன், சுழலும் தளத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றிருந்தேன். இந்த இரண்டையும் முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த முதியவரை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன். அதன்பின் பட்டை புதைந்த கோடு எங்கே கண்டாலும் லேத்தை நிறுத்தி, நீர்போல் மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையைச் சொட்டுச் சொட்டாக ஊறவைத்து இறுகவிட்டுத்தான் அடுத்த வெட்டு. இரும்பு முகத்தட்டைத் தடித்த திருகாணிகளால் கட்டையில் இறுக்குவேன். குறைந்த வேகத்தில் தொடங்கி, கட்டை வட்டமாகி உதறல் நின்றபின்தான் வேகத்தைக் கூட்டுவேன்.

30 சென்டிமீட்டர் கிண்ணம் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது விளிம்பு உளியைக் கடப்பது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில். நடுப்புள்ளியிலோ வேகம் பூஜ்யம். ஒரே வெட்டில் கை அந்த இரண்டுக்கும் இடையே பயணம் செய்கிறது. விளிம்பில் சீறிக்கொண்டு போன உளி, நடுவை நெருங்க நெருங்க வெட்டாமல் தள்ளத் தொடங்கும். அதனால் உள்ளே போகப் போக உளியை நகர்த்தும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். இதை எழுதுவது சுலபம். கை கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கத் தேவைப்பட்டது.

கூர்மைதான் இந்த வேலையின் உயிர். கூரான விளிம்பு நாரைத் தொட்டதுமே, அது வளைய நேரமில்லாமல், துண்டித்துவிடும். மழுங்கிய விளிம்பு நாரை முதலில் வளைக்கும், அழுத்தும், பிறகு பிய்க்கும். நேரான மரம் கொஞ்சம் மழுங்கலைப் பொறுத்துக்கொள்ளும். பின்னாலிருந்து தாங்க நாரில்லாத இடங்களே நிறைந்த முண்டு பொறுக்காது. வெட்டுக்குச் செலவாகாத ஆற்றல் எல்லாம் வெப்பமாகும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. பெரும்பகுதி உளியின் நுனிக்கே போகும். பழைய கார்பன் எஃகு உளியை இரு நூறு, முந்நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் பதம் இறங்கிவிடும். டங்ஸ்டன், மாலிப்டினம், வனேடியம் கலந்த அதிவேக எஃகு 550 டிகிரி வரைக்கும் விறைப்பை இழக்காது. 1900இல் பாரிஸ் கண்காட்சியில் டெய்லர், வைட் என்ற இருவர் அதன் முன்னோடியான எஃகை ஓட்டிக் காட்டியபோது, நுனி சிவந்து கனன்றபடியே இரும்பைச் சீவுவதைப் பார்த்துத் தொழில் உலகம் வாயடைத்துப்போனது. மரக்கடைசலுக்கு அதிவேக எஃகு பின்னால்தான் வந்தது. வந்தபின் மாலீ போன்ற கட்டைகள் ஓரளவு மனிதருக்கு வசப்பட்டன.

ஓரளவுதான். ஒரு பக்கம் கடைந்து முடிப்பதற்குள் நான்கைந்து முறை சாணைக்கல்லுக்கு நடக்க வேண்டியிருந்தது. ஒருநாள் மாலை, இன்னும் நாலு வெட்டுதானே என்று நடக்காமல் இருந்துவிட்டேன். சுருளாக வந்துகொண்டிருந்த சீவல் தூளாக மாறியது, தூள் பழுப்பானது, பிறகு மெல்லிய நீலப்புகை. கிண்ணத்தின் உட்புறத்தில் கருஞ்சிவப்பாக ஒரு வளையம் தீய்ந்திருந்தது. லேத்தை நான் தீக்கடைகோலாக்கிவிட்டேன். தூளாக வருவது உளி கெஞ்சுகிறது என்பதற்கு அடையாளம். அதைக் கேட்டதும் நடந்துவிட வேண்டும்.

கூர் இருந்தாலும் அழுத்தக் கூடாது. குழிந்த உளியின் சாணை பிடித்த சரிவை முதலில் மரத்தின்மேல் வெறுமனே உரசவிட்டு, கைப்பிடியை மெல்ல மெல்ல உயர்த்தினால், விளிம்பு தானாகக் கடிக்கத் தொடங்கும் ஒரு கோணம் வரும். அங்கே நிற்க வேண்டும். சரிவு மரத்தில் படிந்திருக்கும்வரை உளி அளவுக்கு மேல் ஆழப் பாயாது. கடைசிச் சுற்றுகளில் உளியைச் சாய்த்து, அரிவாள் வாட்டமாக இழுத்து அறுப்பதுபோல, விளிம்பு நாருக்குக் குறுக்காக வழுக்கிப்போகும்படி பிடித்தால், திசையில்லாத மரத்தில்கூடப் பிசிறு ஏறக்குறைய இல்லாமல் போகும்.

இந்த வேலையில் வெளியே தெரியாத பெரும்பகுதி உலர்தல். ஈரக்கட்டையை நேரே மெல்லிய கிண்ணமாக்கினால் அது காயும்போது கோணிக்கொள்ளும். அதற்குக் காரணமும் திசைதான். ஈரம் போகையில் மரம் நீளவாக்கில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் சுருங்கும். ஆரவாக்கில் நூற்றில் மூன்று முதல் ஐந்து, வளையங்களின் போக்கிலோ அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. நேரான மரத்துக் கிண்ணம் இதனால் முட்டை வடிவமாகும். முன்கூட்டியே தெரிந்த கோணல் அது. முண்டிலோ நாலு அங்குலத்துக்குள் நாற்பது திசை. ஒவ்வொரு சுழியும் தன் போக்கில் சுருங்கி, மேற்பரப்பு முழுக்க மேடும் பள்ளமுமாக, ஆரஞ்சுத் தோல்போல ஆகிவிடும். யூகலிப்டஸுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. செல்லுக்குள் நிறைந்த நீர் வெளியேறும்போது, அதன் இழுவிசையே ஈரச்சுவர்களை உள்நோக்கி உறிஞ்சிச் சப்பையாக்கிவிடும். குளிர்பானப் பெட்டியை உறிஞ்சும்போது அது ஒட்டிக்கொள்வதைப்போல. அவசரமாகக் காயவைத்தால் நிச்சயம் நடக்கும்.

ஆகவே இரண்டு தடவை கடைய வேண்டும். முதலில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனம் வைத்து, 3 சென்டிமீட்டர் சுவரோடு பருமட்டாகக் கடைந்தேன். வெளிப்புறம் மெழுகு பூசி, அதன் சீவல்களோடேயே காகிதப்பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். தராசில் 3,460 கிராம். மாதமொருமுறை எடுத்து நிறுத்து, தேதி போட்டு அடியிலேயே பென்சிலால் எழுதிவைத்தேன். முதல் மூன்று மாதங்களில் வேகமாக இறங்கியது. பிறகு இறக்கம் சோம்பியது. பதினாறாவது மாதம் 2,710. அடுத்த மாதமும் 2,710. அறையின் காற்றோடு கட்டை சமாதானமாகிவிட்டது என்று அர்த்தம். முக்கால் கிலோ தண்ணீர் என் படுக்கைக்கு அடியிலிருந்து யாருக்கும் தெரியாமல் வெளியேறியிருக்கிறது.

இரண்டாம் கடைசலில் சுவர் 8 மில்லிமீட்டர். காய்ந்த மாலீ ஈர மாலீயைவிட முரடு. ஈரம் செல் சுவரை இளக்கி வைத்திருக்கும், அந்தச் சலுகை இப்போது இல்லை. உப்புத்தாளைக் கரடிலிருந்து மென்மைக்கு ஒவ்வொரு படியாக, ஒரு படியையும் தாண்டாமல். தூசி மூக்குக்குள் போகாமல் முகமூடி. பிறகு ஆளிவிதை எண்ணெய். அந்தக் கணம் ஒன்றுக்காகவே இதைச் செய்யலாம். மங்கிய சிவப்பாக இருந்த மரத்தில் துணி பட்ட இடமெல்லாம் சுழிகள் கண்ணைத் திறந்தன. செல் முனைகளில் இருந்த காற்றின் இடத்தில் எண்ணெய் ஏற, சிதறிப்போன ஒளி இப்போது உள்ளே இறங்கித் திரும்பி வருகிறது. அதுதான் அந்த ஆழம். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயப்போட வேண்டும். ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது தானே சூடாகும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகப் பற்றிக்கொண்ட பட்டறைகள் உண்டு.

எண்ணெய்க்கு முந்திய நாள் நடந்த ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கிண்ணத்தில் இரண்டு விதக் கருமை இருந்தது. அடியை லேத்தின் எஃகுத் தாடைகள் பற்றியிருந்த இடத்தில் நீலக்கறுப்பாக நான்கு தழும்புகள். மாலீயில் துவர்ப்புச்சத்து மிகுதி. ஈரத்தில் இரும்பு பட்டதும் இரண்டும் கூடிக் கறுத்துவிடும். கடுக்காயில் ஊறிய துணியின்மேல், வெல்லத்தில் துருப்பிடிக்கவைத்த இரும்புநீரால் கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு வரைவது இதே வேதியியல்தான். அதற்கு மருந்தும் எளிது. எலுமிச்சைச் சாற்றைத் தடவினேன். அதன் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொள்ள, நான்கு தழும்புகளும் சில நிமிடங்களில் வெளிறிப்போயின. துடைத்தேன்.

இன்னொரு கருமை கிண்ணத்தின் உட்புறச் சரிவில், சுண்டுவிரல் நகத்தளவு. அதற்கும் சாற்றைத் தடவினேன். மாறவில்லை. மறுபடி தடவினேன். உப்புத்தாள் போட்ட விரல் நுனியில் கறுப்பு ஒட்டியது. உருப்பெருக்கியை எடுத்து வெயிலில் பார்த்தேன். கண்களில் ஒன்று மட்டும் அங்கே வித்தியாசமாக இருந்தது. மற்றவைபோல ஊசிமுனையாக நிற்காமல், அகன்று, பென்சில் கனத்தில் ஒரு தண்டாகக் கிளம்பி, சட்டென்று முடிந்திருந்தது. அதன் முனையில் இருந்தது கரி. அந்தக் கரியைச் சுற்றி, அதற்குப் பின்வந்த ஆண்டுகளின் மரம் இரண்டு பக்கமிருந்தும் வளைந்து வந்து மூடியிருந்தது.